செனுவாவுக்கு முகம் கொடுத்தவர்

2017 மார்ச்சில் 'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா' என்ற வீடியோ கேம் வெளியானது. கனடாவின் பயோவேர் நிறுவனம் ஐந்து ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. அதற்கு முன் வந்த மூன்று பாகங்களும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவை. புதிய விண்மீன் மண்டலம், புதுப்புதுக் கோள்கள், வேற்றுக்கிரகவாசிகள் என்று எல்லாமே பிரமாண்டம். ஆனால் வெளியான வாரத்தில் ரசிகர்கள் பேசியதெல்லாம் அதில் வரும் மனித முகங்களைப் பற்றித்தான். பேச்சு ஒரு பக்கம் போனது, முகம் வேறு பக்கம் போனது. கண்கள் எதிரில் நிற்பவரைத் தாண்டி எங்கோ வெறித்தன. ஒரு பெண் அதிகாரி தன் முகமே களைத்துப்போய்விட்டதாகச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. அதைச் சொல்லும் அந்த முகத்தில் களைப்பும் இல்லை, வேறெந்த உணர்ச்சியும் இல்லை.

ஏப்ரல் 6-ம் தேதி நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதில் பலருடைய கவனத்தை ஈர்த்த மாற்றம், கண்கள் திரையில் தெரியும் விதத்தைச் சரிசெய்ததுதான். மூக்கு, தாடை, நெற்றி எல்லாம் பழையபடியே இருந்தன. கண்ணில் ஒளியும் நிழலும் விழும் முறை மாறியது. அதற்கே பல பாத்திரங்கள் ஆளே மாறியதுபோல் தெரிந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு கேம் வந்தது: 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் உள்ள நிஞ்ஜா தியரி நிறுவனத்தில் சுமார் இருபது பேர் கொண்ட குழு செய்தது. கதை முழுவதும் ஒரே ஒரு பெண்ணைச் சுற்றி நகர்கிறது. செனுவா ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளைச் சேர்ந்த பிக்ட் இனப் போராளி. காதலனைப் பறிகொடுத்தவள். காதுக்குள் ஓயாமல் குரல்கள் ஒலிக்கும் மனநோயோடு வாழ்பவள். அவளுடைய பயமும் ஆவேசமும் கெஞ்சலும், சில இடங்களில் திரையைத் தாண்டி விளையாடுபவரையே நேராகப் பார்க்கும் அந்தப் பார்வையும் மறக்க முடியாதவை. 2018-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஐந்தை அந்த கேம் வென்றது. அவற்றுள் ஒன்று நடிப்புக்கானது. அதைப் பெற்றவர் மெலினா யூர்கென்ஸ். அவர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தது நடிகையாக அல்ல, வீடியோ எடிட்டராக.

இரண்டு நிறுவனங்களும் வேலை செய்தது ஒரே காலத்துக் கணினிகளில்தான். ஆள்பலமும் பணபலமும் பெரிய நிறுவனத்திடம்தான் அதிகம். அப்படியிருந்தும் உயிருள்ள முகம் சிறிய அறையிலிருந்து வந்தது. வீடியோ கேம்களின் கடந்த நாற்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால் இது விதிவிலக்காகத் தெரியவில்லை. திரையில் ஓர் உருவம் நிஜ மனிதராகத் தோன்றிய முக்கியமான கட்டங்களில் எல்லாம், அதன் பின்னால் ரத்தமும் சதையுமான ஒருவர் நின்று ஓடியிருக்கிறார், விழுந்திருக்கிறார், அழுதிருக்கிறார்.

கார் நிறுத்துமிடத்தில் ஓடிய தம்பி

1985 அக்டோபர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சாப்பாக்குவா என்ற ஊர். ஒரு கார் நிறுத்துமிடத்தில் டேவிட் மெக்னர் வெள்ளை உடையில் ஓடுகிறார், தாவுகிறார், சுவரைப் பிடித்து ஏறுகிறார். அண்ணன் ஜோர்டன் அதை வீடியோ கேமராவில் படம் பிடிக்கிறார். ஜோர்டன் மெக்னர் கல்லூரியில் படிக்கும்போதே 'கராத்தேகா' என்ற கேமை எழுதி வெற்றி கண்டவர். அடுத்ததாக அவர் மனதில் இருந்தது ஓர் அரேபியக் கதை. அதன் நாயகன் பொம்மைபோல் வெட்டி வெட்டி நகரக் கூடாது, மனிதனைப்போல் ஓட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அதற்கு அவர் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. வீடியோவைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவிலும் நிறுத்தி, திரையைப் புகைப்படக் கருவியால் படமெடுத்தார். ஃபிலிமைக் கழுவி அச்சிட்டு, ஒவ்வொரு படத்திலும் தம்பியின் உருவத்தைக் கறுப்பு மார்க்கராலும் வெள்ளை மையாலும் தெளிவாக்கினார். பிறகு ஒவ்வொன்றாக ஆப்பிள் II கணினிக்குள் ஏற்றினார். ஓடும் படத்தின் மேல் கோடிழுத்து அசைவைப் பிடிக்கும் இந்த உத்தி புதிதல்ல. மேக்ஸ் ஃபிளைஷர் 1910-களிலேயே சினிமா கார்ட்டூனுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வாள்சண்டைக்கு மெக்னர் 1938-ல் வெளிவந்த ராபின் ஹூட் படத்தின் உச்சகட்ட மோதலை எடுத்துக்கொண்டார். எரால் ஃபிளின்னும் பேசில் ராத்போனும் மோதும் அந்தக் காட்சியில் இருவரும் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் சில நொடிகள் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

1989-ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வெளியானது. இளவரசன் ஓட ஆரம்பிக்கும்போது உடல் முன்னால் சாய்கிறது. நிற்க நினைத்தால் உடனே நிற்காமல் கால் சறுக்கிச் சமநிலைக்கு வருகிறான். விளிம்பைத் தவறவிடும்போது கை நீண்டு பற்றுகிறது. சொற்பப் புள்ளிகளால் ஆன, கண்ணும் மூக்கும் இல்லாத உருவம் அது. ஆனாலும் அவன் பள்ளத்தில் விழும்போது விளையாடுபவருக்கு வயிறு ஒரு கணம் கலங்கும். எடை இருக்கும் உடல் விழுகிறது என்று மனம் நம்பிவிடுகிறது. முகமே இல்லாமல் ஓர் உருவத்துக்கு உயிர் வந்துவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. கணினியின் நினைவகம் தீர்ந்துபோனதால் இளவரசனுக்கு எதிரியை வரைய இடமே இல்லாமல் போனது. மெக்னர் இளவரசனின் படங்களையே கணக்கில் சற்று மாற்றி, மினுங்கும் நிழலுருவமாக எதிரில் நிறுத்தினார். அந்த நிழல் மனிதனும் தம்பி டேவிட்தான்.

அடுத்த பத்தாண்டில் வேகம் கூடியது. 1992-ல் வந்த 'மோர்ட்டல் காம்பேட்' நிஜ நடிகர்களை வீடியோவில் பிடித்து அப்படியே கேமுக்குள் ஒட்டியது. 1993-ல் செகா நிறுவனத்தின் 'வர்ச்சுவா ஃபைட்டர்' முப்பரிமாண உருவங்களைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே அதன் இரண்டாம் பாகத்தில் மோஷன் கேப்சர் நுழைந்தது. சினிமாவிலும் கேமிலும் இன்று 'மோ-கேப்' என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். உடலோடு ஒட்டிய உடையில், மூட்டுகளில் ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு உருண்டைகளைப் பொருத்துகிறார்கள். அறையைச் சுற்றி நிற்கும் கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும் கவனித்து, நொடிக்குப் பலமுறை அவை எங்கே இருக்கின்றன என்று பதிவு செய்கின்றன. அந்தப் புள்ளிகளிலிருந்து கணினி ஓர் எலும்புக்கூட்டைக் கட்டி எழுப்புகிறது.

ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு

கேம் பாத்திரத்தின் உடலைப் பிரித்துப் பார்த்தால் வெளியே தெரிவது ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆன ஒரு வலை. இன்றைய பெரிய கேம்களில் நாயகனின் உடலில் அவை லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். வலைக்கு உள்ளே எலும்புகள். எந்த எலும்பு அசைந்தால் தோலின் எந்தப் பகுதி எவ்வளவு இழுபட வேண்டும் என்று கலைஞர்கள் ஒவ்வொரு இடத்துக்கும் அளவு குறித்துவைக்கிறார்கள். பொம்மலாட்டத்தில் நூல் செய்யும் வேலையை இங்கே எலும்பு உள்ளிருந்து செய்கிறது. முழங்கையும் தோள்பட்டையும் இதில் பெரிய தலைவலி. அளவு கொஞ்சம் பிசகினால் கையை முறுக்கும்போது மணிக்கட்டு மிட்டாய்க் காகிதம்போல் ஒடுங்கிவிடும்.

வலையின் மேல் தோலின் நிறம், மயிர்த்துளை, தழும்பு எல்லாவற்றையும் படமாகப் போர்த்துகிறார்கள். ஆனாலும் நெடுங்காலம் கேம் மனிதர்கள் பிளாஸ்டிக்கால் செய்தவர்கள்போலவே இருந்தார்கள். காரணம் ஒளி. இருட்டில் உள்ளங்கைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் விரல் ஓரங்கள் சிவக்கும். வெயிலுக்கு எதிரே நிற்கும் குழந்தையின் காது மடல் சிவப்பாக ஒளிரும். ஒளி தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுவதில்லை. உள்ளே புகுந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் சிதறி, சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் வெளியேறுகிறது. நிழலின் ஓரத்தில் தோல் மென்மையாகவும் செம்மையாகவும் தெரிவது இதனால்தான். ஹென்ரிக் வான் ஜென்சன் உள்ளிட்ட நான்கு ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் இதைக் கணினியில் கணக்கிட நடைமுறைக்கு ஏற்ற வழி கண்டார்கள். அதற்காக 2004-ல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. சினிமா அதை உடனே எடுத்துக்கொண்டது. கேம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் என்பதற்கு ஒரு படத்தைப் பார்த்தாலே போதும். ஜப்பானின் ஸ்கொயர் கேம் நிறுவனம் ஹவாயில் ஸ்டுடியோ அமைத்து, 2001-ல் 'ஃபைனல் ஃபேன்டசி: த ஸ்பிரிட்ஸ் விதின்' என்ற முழுநீளக் கணினிப் படத்தை வெளியிட்டது. நாயகி ஆக்கி ராஸின் தலையில் சுமார் 60,000 முடிகள் தனித்தனியாக அசைந்தன. படத்தின் ஒரு ஃபிரேமைக் கணக்கிடக் கணினிக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. கேமில் அந்த வசதி இல்லை. வீரன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது விளையாடுபவர் பொத்தானை அழுத்தும்வரை யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வழியில்லை. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 17 மில்லி விநாடி. அதற்குள் காடு, மழை, எதிரிகள், சத்தம் எல்லாவற்றோடும் சேர்த்து நாயகியின் காது மடலும் சிவந்தாக வேண்டும். ஸ்பெயினில் ஹோர்கே ஹிமெனெஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2009 வாக்கில் ஒரு குறுக்குவழி கண்டார்கள். தோலுக்குள் நடப்பதை முழுமையாகக் கணக்கிடாமல், திரையில் வரைந்து முடித்த படத்தின் மீதே அந்தச் சிதறலைச் செய்யும் வழி அது. அதன்பின்தான் கேம் பாத்திரங்களின் தோல் தோலாகத் தெரியத் தொடங்கியது.

கண் இன்னும் நுட்பமான சங்கதி. விழி வெறும் வெள்ளை உருண்டை இல்லை. கீழ் இமைக்கும் விழிக்கும் இடையே மெல்லிய நீர்க்கோடு இருக்கிறது, அதில் வெளிச்சம் பளிச்சிடுகிறது. மேல் இமையும் மயிரும் விழியின் மேல் நிழல் போடுகின்றன. அந்த நிழல் இல்லாவிட்டால் கண் முழுக்கப் பளீரென்று வெளுத்து, ஆள் பேயறைந்தவர்போல் தெரிவார். அதோடு மனிதக் கண் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதே இல்லை. ஒருவரைப் பார்த்துப் பேசும்போதுகூட அது ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும், வாய்க்கும், மறுபடியும் கண்ணுக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிறு தாவல்களை விட்டுவிட்டால் எத்தனை லட்சம் முக்கோணங்கள் இருந்தாலும் பயனில்லை. பயோவேருக்கு ஏப்ரல் திருத்தம் தேவைப்பட்டதும் கண்ணில்தான்.

மனிதரைப்போல் இருந்தும் மனிதராகத் தெரியாத முகம் தரும் அசௌகரியத்துக்கு ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். ஓர் உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் மிக நெருங்கியும் முழுதாக எட்டாத இடத்தில் அந்தப் பிரியம் சட்டென்று சரிந்து அருவருப்பாகிறது. அந்தச் சரிவை அவர் பள்ளத்தாக்கு என்றார். நிஜக் கைபோலவே இருக்கும் செயற்கைக் கையைக் குலுக்கும்போது அதன் குளிர்ச்சி தரும் அதிர்ச்சி அவர் சொன்ன உதாரணம். உருவம் அசையத் தொடங்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றும் எழுதினார். 'ஸ்பிரிட்ஸ் விதின்' அந்தப் பள்ளத்தில் விழுந்த படங்களுள் ஒன்று. 13.7 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, 8.5 கோடி மட்டுமே வசூலித்தது. தமிழ் ரசிகர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 2014-ல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்' இதே மோ-கேப் முறையில் வந்தது. ரஜினியின் நடையையும் தலையைக் கோதும் வேகத்தையும் பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அதில் இம்மி குறைந்தாலும் தெரிந்துவிடும். முகம் எவ்வளவு பரிச்சயமோ அவ்வளவு கறாராக மனம் அளக்கிறது.

வாய் சிரித்தால் போதாது

முகத்தை அறிவியலாகப் படித்தவர்கள் உளவியலாளர்கள். பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978-ல் முகத்தின் ஒவ்வொரு தசையசைவுக்கும் எண் கொடுத்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். உதட்டோரம் மேலேறுவது 12-ம் எண். கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்குவது 6-ம் எண். உள்ளிருந்து வரும் சிரிப்பில் இரண்டும் சேர்ந்து வரும். ஒப்புக்குச் சிரிப்பவரிடம் 12 மட்டும் வரும். வால்வ் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப் 2' கேமில் முகங்களை எக்மனின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டே உருவாக்கியது. அதில் வரும் அலிக்ஸ் வான்ஸ் என்ற பெண், கேமின் நாயகனைப் பார்த்து நிம்மதியாகச் சிரிக்கும்போது கண்ணும் சிரித்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

2011-ல் வந்த 'எல்.ஏ. நுவார்' வேறு வழியில் போனது. 1947-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு துப்பறியும் அதிகாரி. சாட்சிகளையும் சந்தேக நபர்களையும் விசாரித்து, யார் பொய் சொல்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக நடிகர்களைப் பிரகாசமான வெள்ளை அறையில் நாற்காலியில் உட்காரவைத்து, 32 கேமராக்களால் எல்லாப் பக்கத்திலிருந்தும் முகத்தைப் பிடித்தார்கள். எச்சில் விழுங்குவது, பார்வையைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அப்படியே வந்தன. ஆனால் உடலசைவு வேறொரு நாள், வேறோர் இடத்தில் எடுக்கப்பட்டது. நாற்காலியில் ஆடாமல் அமர்ந்திருந்த தலையை, நடமாடும் உடலின் கழுத்தில் பொருத்தியபோது இரண்டும் இரண்டு ஆட்களாகத் தெரிந்தன. பதிவான முகத்தைப் பின்னால் மாற்றவும் முடியாது. அந்த முறை தொழிலில் நிலைக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2013-ல் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்ட 'த லாஸ்ட் ஆஃப் அஸ்'. ட்ராய் பேக்கரும் ஆஷ்லி ஜான்சனும் மோ-கேப் மேடையில் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்து நடித்தார்கள். உடலசைவு கருவியில் பதிவானது. முகத்தை மட்டும் அனிமேட்டர்கள் அவர்களுடைய வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே செய்தார்கள். எங்கே புருவம் நடுங்க வேண்டும், எங்கே மூச்சு தடுமாற வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது அனிமேட்டரின் கண். மகளை இழக்கும் தந்தையின் முகத்தில் அந்தக் கேமின் தொடக்கத்தில் தெரியும் துக்கத்துக்கு நடிகரும் அனிமேட்டரும் சம உரிமையாளர்கள்.

கேம்பிரிட்ஜில் நடந்தது இந்த எல்லா வழிகளும் ஒன்றுசேர்ந்த கதை. நிஞ்ஜா தியரிக்கு வாடகை மோ-கேப் ஸ்டுடியோவுக்குச் செலவழிக்க வசதியில்லை. அலுவலகத்துக் கூட்ட அறையையே ஸ்டுடியோவாக்கி, அலமாரிக்கான கம்பிகளை வாங்கி அவற்றில் கேமராக்களை மாட்டினார்கள். கருவிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க யாராவது ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். வீடியோ எடிட்டரான மெலினா நின்றார். நடிப்பு அனுபவம் எதுவும் அவருக்கு இல்லை. தலையில் ஒரு கவசம், அதிலிருந்து முகத்துக்கு முன்னால் நீளும் கம்பியில் சிறு கேமரா. நடிகை கிடைக்கும்வரை தற்காலிகமாக என்றுதான் ஆரம்பித்தது. அவர் செய்த சோதனைக் காட்சிகளைப் பார்த்த பின் வேறு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை.

செர்பியாவின் நோவி சாட் நகரத்தில் உள்ள 3லேட்டரல் என்ற நிறுவனம் அவருடைய முகத்தின் ஒவ்வொரு பாவனையையும் நுணுக்கமாக ஸ்கேன் செய்து, எக்மன் பட்டியலின் அடிப்படையில் டிஜிட்டல் முகத்தைக் கட்டியது. மான்செஸ்டரின் கியூபிக் மோஷன், தலைக் கேமராவில் பதிவாகும் முகத்தைப் படித்து அந்த டிஜிட்டல் முகத்தை இயக்கியது. முகமும் உடலும் குரலும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே நேரத்தில் வந்தன. 2016-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் திரையில் செனுவா பேச, மெலினா அதே அரங்கில் நேரலையாக நடித்துக்கொண்டிருந்தார். பின்னர் இறுதி கேமின் காட்சிகளில் பலவற்றை நீண்ட ஒரே ஷாட்டாக எடுத்தார்கள். கேமரா வெட்டாமல் அவள் முகத்தைச் சுற்றியே வருகிறது. ஓர் அழுகை தொடங்கி, அடங்கி, வெறுமையாக மாறுவதைப் பார்ப்பவர் முழுதாகக் கூடவே இருந்து பார்க்க முடிகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவர் பால் ஃபிளெட்சரும், குரல்கள் கேட்கும் அனுபவத்தோடு வாழ்பவர்களும் இந்தக் கேமின் உருவாக்கத்தில் பங்கெடுத்தார்கள். மனநோயைப் பயமுறுத்தும் வேஷமாகக் காட்டிப் பழகிய ஒரு தொழிலில், செனுவாவின் கண்ணில் தெரியும் திகைப்பு உண்மையாக இருந்ததற்கு அவர்களும் காரணம். யதார்த்தம் என்பதில் தோலின் மயிர்த்துளைக்கு இருக்கும் பங்கைவிட இந்த விசாரிப்புக்கு இருக்கும் பங்கு அதிகம்.

முகம் கைக்கு வந்தாலும் கேமில் இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது: விளையாடுபவரின் கட்டைவிரல். ஓடிக்கொண்டிருப்பவன் திடீரென்று வலப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்றால், ஒரு அசைவிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது பாதம் தரையில் வழுக்கும். யூபிசாஃப்டின் சைமன் கிளாவே 2016-ல் இதற்கு விளக்கிச் சொன்ன வழி, நடிகர்களை மணிக்கணக்கில் நடக்கவும் ஓடவும் திரும்பவும் விட்டு மொத்தத்தையும் சேமித்து வைப்பது. வீரன் இப்போது இருக்கும் நிலைக்கும் அடுத்த நொடி போக வேண்டிய திசைக்கும் மிகப் பொருத்தமான துண்டைக் கணினி அந்தச் சேமிப்பிலிருந்து ஓயாமல் தேடி எடுத்துக்கொண்டே இருக்கும். 2021-ல் வந்த 'ஃபிஃபா 22'-க்காக இ.ஏ. நிறுவனம் 22 தொழில்முறைக் கால்பந்து வீரர்களுக்குச் சென்சார் உடை போட்டு, மைதானத்தில் முழு ஆட்டமே ஆடவிட்டுப் பதிவு செய்தது.

பேச்சு மிகுந்த கேம்களில் எல்லாவற்றையும் நடிகரை வைத்தே எடுப்பது நடக்காத காரியம். 2015-ல் வந்த 'த விட்சர் 3'-ல் உரையாடல் மட்டும் சுமார் 35 மணி நேரம். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் கை அசைவு, பார்வை, கேமராக் கோணம் எல்லாவற்றையும் முதலில் மென்பொருளால் உத்தேசமாக அமைத்து, பின்னர் கலைஞர்களை வைத்துச் செப்பனிட்டது. அடுத்த கேமான 'சைபர்பங்க் 2077'-ல் பாத்திரங்கள் பத்து மொழிகளில் உதடு பொருந்தப் பேசுகிறார்கள். டொரண்டோ பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த ஜாலி என்ற மென்பொருள் குரலையும் வசனத்தையும் வாங்கிக்கொண்டு, தாடையையும் உதட்டையும் தனித்தனியாக இயக்குகிறது. தமிழில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். 'அம்மா' என்று சொல்லும்போது உதடுகள் ஒட்டியே தீர வேண்டும், 'ஊர்' என்றால் குவிந்தே தீர வேண்டும். ஆனால் 'அம்மா' என்று கத்துபவருக்குத் தாடை இறங்கும், முணுமுணுப்பவருக்கு உதடு மட்டும் ஒட்டிப் பிரியும். ஒரே சொல், வேறு முகம். அதைக் கணக்கில் எடுத்ததால்தான் அந்த உதடுகள் நம்பும்படி இருந்தன.

3லேட்டரலையும் கியூபிக் மோஷனையும் பிறகு எபிக் கேம்ஸ் நிறுவனம் வாங்கிவிட்டது. 2021-ல் அது வெளியிட்ட மெட்டாஹ்யூமன் கருவியில் ஒரு மனித முகத்தைச் சில மணி நேரத்தில் வடிவமைத்துவிடலாம். 2023 மார்ச்சில் அதே சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் மெலினா மறுபடி மேடையேறினார். இந்தமுறை முகத்துக்கு முன்னால் இருந்தது ஓர் ஐபோன். அவர் நடித்த சில நிமிடங்களிலேயே அந்த நடிப்பு டிஜிட்டல் முகத்தில் திரையில் ஓடியது. கூட்ட அறையில் கம்பி கட்டிச் செய்த வேலை ஏழு ஆண்டுகளில் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. தனியாளாக கேம் செய்யும் ஓர் இளைஞருக்கு இது பெரிய கொடை என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கொடையோடு ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. ஒருவருடைய முகத்தையும் நடையையும் இவ்வளவு எளிதில் எடுத்து வைத்துக்கொள்ள முடியுமானால், அது யாருக்குச் சொந்தம்? தமிழ் சினிமா இதை 2024-லேயே சந்தித்தது. 'லால் சலாம்' படத்தின் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர்.ரஹ்மான் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். 'கோட்' படத்தில் மறைந்த நடிகர் விஜயகாந்த் செயற்கை நுண்ணறிவால் தோன்றியதும் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான். இரண்டுமே பெயருள்ளவர்கள் பக்கம் நின்று செய்த நல்ல காரியங்கள். ஆனால் கேம்களில் நாள் முழுக்க மோ-கேப் உடையில் விழுந்து எழும் ஸ்டண்ட் கலைஞரின் முகம் திரையில் வருவதே இல்லை. அரக்கனாகவும் படைவீரனாகவும் தெரிவது அவருடைய உடலசைவு மட்டுமே.

அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2024 ஜூலை 26 அன்று கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியபோது, சண்டையின் மையமாக இருந்தவர்களில் இவர்களும் உண்டு. குரல் நடிகர்களுக்குத் தரும் பாதுகாப்பை உடலசைவுக் கலைஞர்கள் எல்லோருக்கும் தர நிறுவனங்கள் தயங்குகின்றன, இவர்களுடைய உழைப்பை வெறும் தரவாகப் பார்க்கின்றன என்பது சங்கத்தின் புகார். ஏறக்குறைய பதினோரு மாதம் வேலைநிறுத்தம் நீடித்தது. 2025 ஜூலையில் சங்க உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒருவருடைய டிஜிட்டல் நகலை உருவாக்கவும் பயன்படுத்தவும் அவருடைய சம்மதம் வேண்டும், எங்கே எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், மறுபடி வேலைநிறுத்தம் வந்தால் அந்தச் சம்மதத்தை அவர் நிறுத்திவைக்கவும் முடியும்.